வீட்டுக் கோழிகளும் சினங்கொண்ட சேவலும்

வீட்டின் பின்புறத்தில் ஐந்தாறு பெட்டைக் கோழிகளையும் அவற்றுக்குத் துணையாக ஒரு சேவலையும் வைத்து வளர்ப்பது இந்நாட்டின் எல்லாப் பகுதிகளிலும் காணப்படும் வழக்கமாகும். இமயமலை அடிவாரச் சிற்றூர்களிலும், மத்திய இந்தியாவின் பழங்குடிக் குடியிருப்புகளிலும், தென்னாட்டுக் கொல்லைகளிலும் இக்காட்சி ஒன்றே. சிந்திய தானியம், தவிடு, புழு பூச்சிகள் ஆகியவற்றை உண்டு அவை வளர்கின்றன. செலவு சிறிது, முட்டையால் வரும் காசு பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கைக்கே சேர்கிறது. அன்றியும், பல வீடுகளில் கோழிகள் வருவாய்க்குரிய பொருள்களாக மட்டும் கருதப்படுவதில்லை. குழந்தைகள் அவற்றுக்குப் பெயரிட்டு அழைக்கின்றனர். குஞ்சுகளைக் கையில் ஏந்தித் திரிகின்றனர்.

களப்பணியாளர் ஒருவர் சிற்றூருக்குச் செல்லும்போது, கோழிகளைப் பற்றி அவரிடம் கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் நோயையும் தீனியையும் பற்றியனவாகவே இருக்கும். ஆயினும் சற்றுத் தயக்கத்துடன், சில வேளைகளில் நகைப்புடன், கேட்கப்படும் கேள்வி ஒன்றும் உண்டு. சேவல் ஆள்மீது பாய்கிறது, என்ன செய்வது என்பதே அது. இக்கேள்வியைக் கேட்பவர் சிரித்தாலும் கேட்கப்படுபவர் சிரித்தல் ஆகாது. கோழிகளுக்குத் தீனி வைக்கும் பொறுப்பு பல வீடுகளில் சிறுவர் சிறுமியர்க்கும் முதியோர்க்குமே விடப்பட்டிருக்கிறது. சேவலின் முன் நிற்பவர்கள் அவர்களே.

சேவலுக்குப் படைக்கலங்கள் இரண்டு. ஒன்று அலகு, மற்றொன்று காலின் உட்புறத்திலிருந்து பின்னோக்கி வளரும் முள். இம்முள் வெறும் நகம் அன்று. காலெலும்பிலிருந்தே கிளைத்த எலும்பு அதன் உள்ளே இருக்கிறது. அதன் மேல் கொம்பு போன்ற கடினமான உறை போர்த்தியுள்ளது. வயது ஏற ஏற முள் நீண்டு கூர்மையடைகிறது. இளஞ்சேவலின் பாய்ச்சல் வெறும் அச்சுறுத்தலோடு போய்விடலாம். இரண்டு மூன்று வயதுச் சேவலின் பாய்ச்சல் தசையைத் துளைக்கும். பெரியவர் ஒருவர்க்கு முழங்காலுக்குக் கீழே விழும் அடி, தவழும் அல்லது தள்ளாடி நடக்கும் குழந்தைக்கு முகத்தில் விழுகிறது. கோழி கொத்தியதால் குழந்தைகளின் கண் பழுதுபட்ட நிகழ்ச்சிகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. முதியோர்க்கும் ஆபத்து இல்லாமல் இல்லை. தென் ஆஸ்திரேலியாவில் முட்டை எடுக்கச் சென்ற மூதாட்டி ஒருவரின் காலில் சேவல் கொத்தியதையும், அக்காலில் புடைத்திருந்த நரம்புச் சுருளிலிருந்து பெருகிய குருதி நில்லாமல் அவர் உயிர் துறந்ததையும் 2019-ஆம் ஆண்டில் ஒரு மருத்துவ ஏடு வெளியிட்டது. இத்தகைய மரணம் மிகவும் அரியது. எனினும் கால் நரம்புகள் புடைத்த முதியோரைச் சினங்கொண்ட சேவலிடம் அனுப்பலாகாது என்பதற்கு இது ஒன்றே போதும். அவ்வாறு குருதி பெருகுமாயின், அவரைப் படுக்க வைத்துக் காலை உயர்த்தி, தூய துணியால் காயத்தின் மேல் அழுத்திப் பிடித்தல் வேண்டும்.

சேவல் ஏன் இவ்வாறு நடந்துகொள்கிறது?

வீட்டுக் கோழியின் முதன்மையான மூதாதை செந்நிறக் காட்டுக்கோழியாகும். இது இன்றும் இமய அடிவாரக் காடுகளிலும், வடகிழக்கு மாநிலங்களிலும், கோதாவரிக்கு வடக்கே கிழக்கிந்தியக் காடுகளிலும் வாழ்கிறது. தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல்நிறக் காட்டுக்கோழியின் குருதியும் வீட்டுக் கோழியில் சிறிது கலந்திருப்பதை 2008-ஆம் ஆண்டின் ஆராய்ச்சி ஒன்று காட்டியது. பல கோழியினங்களின் தோலும் காலும் மஞ்சள் நிறமாயிருப்பதற்குக் காரணமான மரபுக்கூறு அதனிடமிருந்து வந்ததேயாகும். மனிதரோடு கோழி வாழத் தொடங்கி மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. ஆயினும் காட்டில் தன் முன்னோர் ஆற்றிவந்த கடமையைச் சேவல் மறந்துவிடவில்லை.

அக்கடமை காவல். பெட்டைகள் தலைகுனிந்து மண்ணைக் கிளறும்போது சேவல் தலைநிமிர்ந்து நிற்பதை யாரும் காணலாம். வானில் பருந்து தென்பட்டால் அது மெல்லிய, நீண்ட ஒலி ஒன்றை எழுப்புகிறது. உடனே பெட்டைகள் அசையாது பதுங்குகின்றன அல்லது புதரடியில் ஒளிகின்றன. தரை வழியே கீரியோ பூனையோ நாயோ வந்தால் விட்டுவிட்டு ஒலிக்கும் உரத்த கொக்கரிப்பை எழுப்புகிறது. அப்போது பெட்டைகள் கழுத்தை நீட்டி நிமிர்ந்து பார்க்கின்றன. வானத்துப் பகைக்கு ஒன்று, தரைப் பகைக்கு ஒன்று என இருவேறு எச்சரிக்கைகள் இருப்பதும், பெட்டைகள் அவற்றைப் பிரித்தறிவதும் ஆய்வுகளால் உறுதிப்பட்டவை. சேவல் தனித்திருக்கும்போது பருந்தைக் கண்டால் பெரும்பாலும் ஒலி எழுப்புவதில்லை என்பதும், பெட்டைகள் அருகில் இருக்கும்போதே எச்சரிக்கிறது என்பதும் கருதத்தக்கவை. தீனி கண்டவிடத்தும் அது தான் உண்ணாமல், அலகால் எடுத்தும் கீழே இட்டும் ஒருவகைக் குரல் கொடுத்துப் பெட்டைகளை அழைக்கிறது. தீனி ஏதும் இல்லாதபோதும் சில வேளைகளில் இவ்வாறே அழைத்துப் பெட்டையை அருகில் வருவித்துக்கொள்கிறது என்று ஆராய்ச்சியாளர் கூறுவதைக் கேட்டால், கோழி வளர்த்த பாட்டிமார் வியப்படையமாட்டார்கள்.

பருந்தை எதிர்த்துக் குரல் கொடுக்கும் அதே உணர்வுதான், தீனிக் கூடையுடன் வரும் சிறுமியின்மீதும் பாயச் செய்கிறது. தன் கூட்டத்தின் எல்லைக்குள் புகும் பெரிய உருவம் பகையா அன்றா என்பதைச் சேவல் தன் அளவுகோலைக் கொண்டே முடிவு செய்கிறது. ஆகவே அதனைப் பொல்லாப் பறவை என்று பழிப்பதால் பயனில்லை. எது அதன் உணர்வைத் தூண்டுகிறது, எது தணிக்கிறது என்று அறிவதே பயன் தருவது.

இவ்வுணர்வுக்கு உடலில் உள்ள அடிப்படையை முதன்முதலில் ஐயமறக் காட்டியவர் ஜெர்மனியின் கெட்டிங்கன் நகரப் பேராசிரியர் பெர்த்தோல்ட் ஆவார். 1849-இல் அவர் வெளியிட்ட சோதனை மிக எளிது. ஆறு இளஞ்சேவல்களை அவர் எடுத்துக்கொண்டார். விதைகள் முற்றும் நீக்கப்பட்டவை கொண்டை சிறுத்து, கூவாமலும் சண்டையிடாமலும் வளர்ந்தன. மற்றவற்றில் ஒரு விதை மட்டும், இயல்பான தொடர்புகள் அறுக்கப்பட்டு, வயிற்றுக்குள் இருக்குமாறு செய்தார். நரம்புத் தொடர்பு அறுபட்ட நிலையிலும் அவை செழித்த கொண்டையுடன் கூவின; பெட்டைகளை நாடின; பிற சேவல்களோடு போரிட்டன. ஆகவே நரம்பின் வழியாக அன்றி, குருதியில் கலந்து செல்லும் ஏதோ ஒரு பொருளின் வழியாகவே விதை உடல் முழுவதையும் ஆட்கொள்கிறது என்பது தெளிவாயிற்று. அப்பொருளுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்னும் பெயர் வழங்கப்பெற்றது 1935-இல்தான். உட்சுரப்புகளைப் பற்றிய அறிவியல் துறை முழுவதற்கும் அச்சோதனையே தொடக்கம் என்று கருதப்படுகிறது. கொல்லைச் சேவல்களைக் கொண்டு இத்துணைப் பெரிய உண்மை நாட்டப்பட்டதை ஆசிரியர்கள் மாணவர்க்கு எடுத்துரைக்கலாம்.

குஞ்சாக இருந்தபோது கையில் ஏறி விளையாடிய சேவல் ஐந்தாறு திங்கள் கழிந்ததும் திடீரென மாறிவிடுவது இதனாலேயே. அச்சுரப்பு பெருகும் பருவம் அது. வீட்டார் இதை நன்றி மறந்த செயலாகக் கருதி வருந்துகின்றனர். குழந்தைகளோ பெரிதும் மனம் நொந்துபோகின்றனர். இன்னொரு முரண்பாடும் உண்டு: தாய்க்கோழியோடும் பிற குஞ்சுகளோடும் வளர்ந்த சேவலைக் காட்டிலும், தனித்துக் கையில் வளர்ந்த சேவலே மனிதரை அதிகமாகத் தாக்கும் என்பது கோழி வளர்ப்போர் பலரின் அனுபவம். காரணம் உணரக்கூடியதே. கூட்டத்தில் வளர்ந்த சேவல் மனிதரை ஒதுங்கிச் செல்லவேண்டிய பெரிய விலங்காக அறிகிறது. கையில் வளர்ந்ததற்கு அவ்வச்சம் இல்லை. மனிதரும் அதற்கு மற்றொரு சேவலே. ஆகவே ஆண்குஞ்சு எது என்று தெரிந்த பின்னர் அதைக் கொஞ்சி வளர்ப்பதைக் குறைத்து, கூட்டத்தோடு விட்டுவிடுதல் நன்று.

கோழிகளுக்குள் வரிசைமுறை ஒன்று உண்டு என்பதையும் இங்கே கூறவேண்டும். நார்வே நாட்டைச் சேர்ந்த ஷெல்டெரூப்-எப்பெ என்பவர் இளமையிலிருந்தே கோழிகளைக் கூர்ந்து நோக்கி வந்தார்; 1922-இல் வெளியான கட்டுரையில் தம் முடிவுகளைத் தொகுத்துரைத்தார். ஒரு கூட்டத்தில் முதலிடம் பெற்ற கோழி எதனையும் கொத்தலாம். அதனை எதுவும் திருப்பிக் கொத்தாது. இரண்டாவது, முதலாவதற்கு மட்டும் விலகி, ஏனையவற்றைக் கொத்தும். கடைசிக் கோழியை எல்லாம் கொத்தும். வரிசை ஒருமுறை நிலைபெற்றுவிட்டால் சண்டை குறைகிறது. தலையை ஒருமுறை உயர்த்திக் காட்டினாலே போதுமானதாகிவிடுகிறது. சேவல்களுக்குள் இவ்வரிசை தனியே அமைகிறது. விடியற்காலையில் முதலில் கூவும் உரிமையும் வரிசையின் தலைமைச் சேவலுக்கே உரியது என்றும், ஏனையவை தத்தம் தகுதி முறைப்படியே அதன்பின் கூவுகின்றன என்றும் ஜப்பானிய விஞ்ஞானிகள் 2015-இல் கண்டறிந்தனர். பள்ளியில் கோழிகள் இருந்தால், அவற்றின் கால்களில் நிற வளையங்களை இட்டு, தீனி தூவும்போது எது எதனைக் கொத்துகிறது என்று ஒரு வாரம் குறித்துவருமாறு மாணவரைப் பணிக்கலாம். வரிசை எப்போதும் நேர்க்கோடாக அமையாது. முதற்கோழி இரண்டாவதையும், இரண்டாவது மூன்றாவதையும் கொத்த, மூன்றாவது முதற்கோழியையே கொத்தும் விந்தையும் சில வேளைகளில் காணப்படும்.

பாயும் சேவலின் கண்ணுக்கு வீட்டாரும் இவ்வரிசையில் அடங்கியவர்களே. இதனை உணர்ந்தால், மக்கள் வழக்கமாகச் செய்யும் இரண்டு செயல்களும் ஏன் தவறாக முடிகின்றன என்பது விளங்கும். முதலாவது, அஞ்சி ஓடுவது. ஓடியவர் தோற்றவர்; தோற்றவரை மறுநாளும் துரத்தவேண்டும் என்பது சேவலின் நியாயம். ஒரு வீட்டில் தந்தையை விட்டுவிட்டுச் சிறுவனை மட்டும் சேவல் துரத்துவது இதனாலேயே. இரண்டாவது, காலால் எற்றுவதும் கழியால் அடிப்பதும். இவை சேவலின் முறையிலேயே அதனோடு போரிடுவதாகும். காலை உயர்த்தி உதைப்பது, சேவல் தன் முள்ளை வீசும் செயலையே ஒத்திருக்கிறது. சில சேவல்கள் அடிபட்டு அடங்கலாம். பல, போர் முடியவில்லை என்று எண்ணி, அடித்தவர் முதுகு திரும்பும் வேளைக்காகக் காத்திருக்கும். அடித்தவரின் கையில் கழி இருந்தது. அடுத்து வரும் குழந்தையின் கையில் அஃது இராது. சேவலின்மீது கல்லெறிந்து விளையாடும் சிறுவரை ஆசிரியர்கள் கண்டிக்கவேண்டுவது உயிரிரக்கம் கருதி மட்டுமன்று.

பாய்வதற்கு முன் சேவல் அறிகுறி காட்டாமல் இருப்பதில்லை. கழுத்திறகு சிலிர்த்து விரியும். ஒரு சிறகைத் தரையை நோக்கித் தாழ்த்தி, பக்கவாட்டில் சிறு அடிகள் வைத்து வட்டமிடும். முகத்தைத் திருப்பி ஒற்றைக் கண்ணால் உறுத்து நோக்கும். தீனி இல்லாத இடத்திலும் தரையைக் கொத்தும். இக்குறிகள் முதன்முதலாகத் தோன்றும் நாட்களே திருத்துவதற்கு ஏற்ற காலமாகும். தாக்குதல் பழக்கமாகிவிட்ட பின்னர் மாற்றுவது கடினம்.

தூண்டுவன எவை என்பதையும் வீட்டார் கவனித்தறியவேண்டும். பெட்டையைப் பிடிக்கும்போது அது கதறுவதே எல்லாவற்றிலும் வலியது. அக்குரலைக் கேட்ட அமைதியான சேவலும் பாயக்கூடும். எனவே பெட்டைகளையோ குஞ்சுகளையோ பிடிக்கவேண்டுமாயின் இரவில், அவை அடைந்தபின் பிடித்தல் வேண்டும். இருளில் கோழிக்குக் கண் நன்றாகத் தெரியாது. அஃது எளிதில் கைக்கு வரும். பகலிலேயே பிடித்தாகவேண்டுமெனின் சேவலைப் பஞ்சாரத்தின் கீழ் கவிழ்த்துவிட்டுப் பிடிக்கலாம். தரையை ஒட்டி விரைந்து அசையும் துடைப்பம், ஆடும் வாளி, கால்களைச் சுற்றிப் புரளும் ஆடை, ஓடி விளையாடும் கால்கள் ஆகியனவும் அதனைத் தூண்டும். இடம் போதாமையும் ஒரு காரணம். நெருக்கமான அடைப்புக்குள் விலகிச் செல்ல வழியில்லாத சேவல், திறந்த வெளியில் திரியும் சேவலைவிட விரைவில் எதிர்க்கும்.

சேவல் எதிர்த்து வரும்போது செய்யத்தக்கது, நின்ற இடத்தில் நிமிர்ந்து நிற்பதே. முறம், கூடை, பலகைத் துண்டு போன்ற ஒன்றை முன்னே பிடித்துக்கொண்டால் பாய்ச்சல் அதன்மேல் விழும். சேவலை அடிக்காமல், அதனைக் கொண்டு மெல்லத் தள்ளிக்கொண்டே தம் வேலையைச் செய்துவரவேண்டும். அது தளர்ந்து, தலையைத் தாழ்த்தி, மண்ணைக் கிளறத் தொடங்கும் வரையில் விலகிச் செல்லலாகாது. அதன்பின் அமைதியாகச் செல்லலாம். நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே நடையில், தீனியைத் தமக்குச் சற்று அப்பால் தூவி, சேவலை நேருக்கு நேர் உறுத்துப் பாராமல் பணி முடித்து வருபவர்க்குப் பெரும்பாலும் தொல்லை குறைந்துவிடும். சேவலைக் கைகளில் அணைத்துத் தூக்கி, சிறகுகள் விரியாதபடி சிறிது நேரம் வைத்திருந்து விடுவது நல்லது என்று சிலர் கூறுவர். சில சேவல்களிடம் இது பலித்திருக்கிறது. ஆயினும் பழக்கமில்லாதவர் முயன்றால் முகத்தில் காயம் ஏற்படக்கூடும். சிறுவர்க்கு இதனைக் கற்பித்தல் கூடாது.

கால்முள்ளின் கூரிய நுனியை மட்டும் அரத்தால் மழுக்கிவிடலாம். அடியோடு வெட்டினால் உள்ளிருக்கும் எலும்பு வெளிப்பட்டுக் குருதி பெருகும், பறவைக்குப் பெருந்துன்பம். விதை நீக்கும் சிகிச்சையைப் பற்றிச் சிலர் வினவுவர். பறவையின் விதைகள் உடலுக்குள்ளே முதுகெலும்பை ஒட்டி அமைந்திருப்பதால் அஃது அறுவை மருத்துவமாகும்; வீட்டில் செய்யத்தக்கதன்று.

காயம் பட்டவர்க்கு முதலில் செய்யவேண்டுவது சோப்பும் ஓடும் நீரும் கொண்டு நன்கு கழுவுதலே. முள் துளைத்த காயம் வெளியே சிறிதாகவும் உள்ளே ஆழமாகவும் இருக்கும். கோழிகள் திரியும் மண்ணில் இரணசன்னிக் கிருமிகள் இருக்கக்கூடுமாதலால் அதற்குரிய தடுப்பூசி தக்க காலத்தில் போடப்பட்டுள்ளதா என்று மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். மஞ்சளை அப்பிவிட்டு வாளாவிருத்தல் கூடாது. கண்ணருகில் பட்ட காயம் எவ்வளவு சிறிதாயினும் அன்றே மருத்துவரிடம் காட்டப்பட வேண்டும்.

இடையே ஒரு குறிப்பு. நாள்தோறும் பாய்ந்துவந்த சேவல் திடீரென்று அடங்கி ஓரமாக நின்றால், அது பழகிவிட்டதென்று மகிழ்வதற்குமுன் அதன் எச்சத்தையும் மூச்சையும் நோக்குதல் வேண்டும். இராணிகேத் எனப்படும் வெள்ளைக் கழிச்சல் நோயும் இவ்வாறே தொடங்கலாம். குஞ்சுகளுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ விடும் சொட்டு மருந்தும், எட்டு வார அளவில் போடும் ஊசியும் இந்நோயைத் தடுக்கும். கோழிகள் கூட்டமாக மடிந்தால் கால்நடை மருத்துவமனைக்கு உடனே தெரிவித்தல் கட்டாயம். 2006-ஆம் ஆண்டில் மகாராஷ்டிர மாநிலத்து நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் இந்நாட்டில் முதன்முறையாகக் கண்டறியப்பட்டதிலிருந்து, இத்தகைய மடிவுகளை எவரும் புறக்கணிக்க இயலாது.

போர்க்குணமும் மரபும்

எல்லாச் சேவல்களும் ஒரே அளவில் சினங்கொள்வதில்லை. வேறுபாட்டில் ஒரு பகுதி வளர்ப்பினால் வருவது. மற்றொரு பகுதி மரபினால் வருவது. இதற்குச் சான்று அசீல் இனமாகும். ஆந்திரம், சத்தீஸ்கர், ஒடிசா ஆகிய பகுதிகளில் பெயர்பெற்ற இவ்வினத்தின் சேவல் நான்கு கிலோவும் அதற்கு மேலும் எடைகொண்டது; நீண்ட கழுத்தும், வலிய கால்களும், நிமிர்ந்த நடையும் உடையது. தலைமுறை தலைமுறையாக, போரில் வென்றவற்றையே இனவிருத்திக்குத் தேர்ந்தெடுத்ததன் விளைவாக அதன் குணம் உருவாயிற்று. அதே முறையை மாற்றிச் செய்தால், அதாவது ஆளைத் தாக்கும் சேவலை விலக்கி அமைதியானதையே இனச்சேவலாக வைத்துக்கொண்டால், சில தலைமுறைகளில் கூட்டத்தின் இயல்பு திருந்தும். ஆனால் ஊர்களில் நடப்பது இதற்கு நேர்மாறானது. மிகுந்த முரட்டுத்தனம் உள்ள சேவலையே வீரியமுள்ளது என்று புகழ்ந்து நிறுத்திக்கொண்டு, அடங்கிய சேவலைச் சமையலுக்கு அனுப்பிவிடுகின்றனர். மக்களிடம் களப்பணியாளர் எடுத்துச் சொல்லவேண்டிய செய்தி ஒன்றே ஒன்றுதான் என்றால், அது இதுவாகவே இருக்கலாம்.

போர்க்குணம் முற்றிலும் வேண்டாததும் அன்று. உத்தரப் பிரதேச மாநிலம் இஜத்நகரில் உள்ள மத்திய பறவையின ஆராய்ச்சி நிலையம் அசீல் கலப்பினால் உருவாக்கிய கொல்லைக் கோழி வகை ஒன்றுக்கு அச்சமற்றது என்னும் பொருள்பட நிர்பீக் என்று பெயரிட்டுள்ளது. பகை விலங்குகளிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ளும் சுறுசுறுப்பே அதன் சிறப்பாகக் கூறப்படுகிறது. கீரியும் பருந்தும் மிகுந்த ஊரில் விழிப்பற்ற சேவலால் பயனில்லை. வேண்டப்படுவது, பருந்துக்குக் குரல் கொடுத்துவிட்டு மனிதருக்கு வழிவிடும் சேவல். அத்தகையவை உண்டு, தேடி நிறுத்திக்கொள்ளவேண்டும்.

சேவற்போரைப் பற்றியும் ஒரு சொல். விலங்குகளையும் பறவைகளையும் ஒன்றோடொன்று மோதுமாறு தூண்டுவது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். காலில் கத்தி கட்டி மோதவிடும் சேவல் பின்னர் வீட்டுக் கூட்டத்தில் அமைதியாக வாழும் என்று எதிர்பார்ப்பது வீண்.

சேவல் தேவைதானா?

இவ்வளவும் கூறியபின் அடிப்படையான வினா ஒன்று எஞ்சுகிறது. சேவல் இல்லாவிட்டால் பெட்டை முட்டையிடாது என்ற நம்பிக்கை இன்னும் பரவலாக இருக்கிறது. இது தவறு. பெட்டையின் முட்டை அதன் சூற்பையிலிருந்து உருவாவது. ஒரு முட்டை முழுமைபெற ஏறத்தாழ 25 மணி நேரம் ஆகிறது. இதில் சேவலுக்குப் பங்கு ஏதும் இல்லை. குஞ்சு பொரிப்பதற்கு மட்டுமே சேவல் வேண்டும். உண்பதற்கோ விற்பதற்கோ முட்டை வேண்டுவோர் சேவலின்றியே கோழி வளர்க்கலாம். அன்றியும், கரு இல்லாத முட்டை வெயிற்காலத்தில் எளிதில் கெடாது. ஆகவே பள்ளி வளாகத்திலும், சிறு குழந்தைகள் உள்ள இடுக்கமான நகர வீட்டிலும் சேவல் வைத்திராமல் இருப்பதே அறிவுடைமை.

சேவல் இல்லாத கூட்டத்தில் வரிசையின் தலைமைப் பெட்டையே சில வேளைகளில் காவல் நிற்கும். அரிதாகக் கூவவும் செய்யும். பெட்டை கூவுவது குடிக்கு ஆகாது என்று அஞ்சி அதனை அறுத்துவிடுவோர் உண்டு. கோழிக்கு இடப்புறச் சூற்பை ஒன்றே இயங்குவது. அது நோயால் பழுதுற்றால் உடலில் ஆண்தன்மைச் சுரப்பு மிகுந்து கொண்டையும் குரலும் மாறக்கூடும். இதில் சகுனம் ஏதும் இல்லை.

சேவல் வேண்டுமென்போர் எட்டு அல்லது பத்துப் பெட்டைகளுக்கு ஒரு சேவல் என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம். மூன்று பெட்டைகளுக்கு இரண்டு சேவல்கள் இருப்பின், பெட்டைகளின் முதுகில் இறகு உதிர்ந்து தோல் கிழிந்திருப்பதைக் காணலாம். அவை தீனிக்கு இறங்கவும் அஞ்சிப் பரணிலேயே இருந்துவிடும். முட்டை குறைந்ததற்குக் காரணம் தேடுவோர் இதனையும் நோக்குக. பொரிக்கும் குஞ்சுகளில் பாதி ஆண். அவை எல்லாவற்றையும் வளர்ப்பது எவர்க்கும் இயலாது. நான்கைந்து திங்களில் அவற்றை விற்றுவிடுவதோ உணவாக்கிக்கொள்வதோ பெரும்பாலான குடும்பங்களின் வழக்கம். குழந்தை பெயரிட்டு வளர்த்த சேவல் இவ்வரிசையில் வரும்போதுதான் வீட்டில் துயரம் நேர்கிறது. அதனைக் குழந்தைக்குத் தெரியாமல் அப்புறப்படுத்திவிட்டு, ஓடிப்போயிற்று என்று சொல்வதைவிட, அது தங்கைக்கோ தம்பிக்கோ தீங்கு செய்யக்கூடும் என்ற உண்மையைச் சொல்லிவிடுதல் மேல். குஞ்சுகளுக்குப் பெயரிடும் காலத்திலேயே ஆண்குஞ்சுகள் எல்லாம் வீட்டில் தங்கா என்று அறிந்திருக்கும் குழந்தை இதைத் தாங்கிக்கொள்ளும்.

இரண்டு திங்கள் முயன்றும் அடங்காத சேவலைத் தனி அடைப்பில் வைக்க இடமிருந்தால் வைக்கலாம். இல்லையெனின் விலக்கிவிடவேண்டியதே. அடுத்த வீட்டாரிடம் குணத்தை மறைத்து விற்பது நேர்மையன்று. அங்கும் குழந்தைகள் இருப்பர். விலக்கிய பின்னரும் ஏறத்தாழ இரண்டு வாரம் வரையில் பெட்டைகள் கருவுள்ள முட்டைகளை இடக்கூடும். சேவலின் விந்து பெட்டையின் முட்டைக்குழாயில் உள்ள நுண்ணிய அறைகளில் அவ்வளவு நாள் உயிரோடு தங்கியிருக்கும். ஆகவே புதிய சேவலின் குஞ்சுகளை விரும்புவோர், பழையதை விலக்கி மூன்று வாரம் கழிந்த பின்னர் இடப்படும் முட்டைகளையே அடைக்கு வைத்தல் வேண்டும். புதிய சேவலை முதலில் சில நாட்கள் கம்பி வலைக்கு அப்பால் பெட்டைகளின் கண்ணில் படுமாறு வைத்திருந்து, பின்னர் ஓர் இரவில் கூட்டோடு சேர்த்துவிட்டால், காலையில் சச்சரவு குறைவாக இருக்கும்.